நல்ல புத்தகத்தைப் பாசி என்று சொல்லும் ஊர்

அந்தப் புத்தகத்தை நான் தேடிப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கினேன். பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டுக் கூடையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டுத் தலைவலி மாத்திரை வாங்கக் கிளம்பியவள், பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ளக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தேன். மேலெல்லாம் நண்டு வாடை. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நூலகர் பெண் மூக்கைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் அன்றைக்கே ஒரு சண்டை நடந்திருக்கும். "உக்காருங்கக்கா, மழை விடட்டும்" என்று நாற்காலியைத் தள்ளினாள். சும்மா உட்கார எனக்கு வராது. மேசைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்தேன்.

செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒருத்தி, தன் கூலியில் புருஷன் வீட்டுக்கு ஒரு கதவு வாங்கிப் போடுகிறாள். அதுவரை அந்த வீட்டில் சாக்குத் துணிதான் தொங்கியது. ஒருநாள் புருஷன் அவளை வெளியே தள்ளி, அதே கதவை அவள் முகத்தில் அடைக்கிறான். "எங் கதவு" என்கிறான். மறுநாள் அவன் சாராயத்துக்குப் போன நேரம் பார்த்து, அவள் கீலைப் பிடுங்கிக் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்கு நடக்க ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான் கதை. வழி நெடுக ஆட்கள் "என்ன விலை?" என்று கேட்கிறார்கள். போலீஸ்காரன் திருட்டுக் கதவு என்கிறான். மழை வந்தால் அதன் அடியிலேயே படுத்துக்கொள்கிறாள்.

மழை விட்டது எனக்குத் தெரியாது. நூலகர் பெண் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபோதுதான் நிமிர்ந்தேன். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். படித்து முடித்த மறுநாள் நான் நானாக இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதற்குப் பிறகு பேப்பர் படித்ததோடு சரி. ஒரு புத்தகம் ஆளைக் கள் குடித்த மாதிரி ஆக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. ஒரு கிலோ கேட்டவருக்கு ஒன்றரை கிலோ போட்டேன். காலைக் கட்டாத நண்டைக் கையில் பிடித்துக் கடி வாங்கினேன். கடி வாங்கிச் சிரித்தேன். பக்கத்தில் இறால் விற்கும் ஓரகத்தி, "இன்னாக்கா, பேய் கீய் புடிச்சிகிச்சா?" என்றாள்.

"ஒரு கதை படிச்சேன்டி. ஒருத்தி கதவைக் கழட்டிகினு…"

"எனக்கு எறா உரிக்கவே நேரம் இல்ல. நீ வேற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கதவு வாங்கும் இடத்திலேயே தூங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு எங்கள் வீட்டுக் கதவையும் கழற்றியிருப்பேன். ஆனால் அது தகரக் கதவு, தலையில் நிற்காது.

எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு ஆள். நூலகர் பெண் படிக்கவில்லை, சத்தியமாகப் படிக்கிறேன் என்றாள். "வாசகர் வட்டத்துக்கு வாங்கக்கா. அங்க சொன்னா பத்துப் பேர் படிப்பாங்க" என்றும் சொன்னாள்.

வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடும். தோணிரேவிலிருந்தும் பசியாவரத்திலிருந்தும் ஏரியில் வலை போடும் தொழில்காரர்கள் வருவார்கள். உள்ளே நெல் விளைகிற ஊரிலிருந்து ஒரு விவசாயி டிவிஎஸ்ஸில் வருவார். என் கொழுந்தன், அதாவது ஓரகத்தியின் புருஷன், அதில் பெரிய ஆள். நான் கல்யாணமாகி வந்தபோது அரை டவுசர் போட்டிருந்தவன். அதனால் டா போட்டுத்தான் பேசுவேன்.

நான் எழுந்து நின்று கத்தினேன். மார்க்கெட் தொண்டை, மெதுவாகப் பேச வராது. "ஒரு பொம்பள கதவைத் தூக்கிகினு போறா. அப்பிடி ஒரு கதை. படிக்கலன்னா நீங்கள்லாம் மனுசங்களே இல்ல!"

கொழுந்தன் கையைத் தூக்கினான். "அண்ணி, கிலோ இன்னா வெல?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க அண்ணி ஐஸ்ல கெடந்த நண்டையே 'இப்பதான் நடந்து வந்துச்சு, காலைப் பாரு'னு வித்தவங்க. புக்கும் அப்பிடித்தான் இருக்கும், உஷாரா இருங்க."

"டேய், எந்த நண்டுடா ஐஸ்ல கெடந்துச்சு? சொல்றா!"

விற்கிறவள் மெச்சினால் யார் நம்புவார்கள்? அது எங்கள் தொழில். கண் செத்த மீனையும் கண்ணைப் பார் என்றுதான் விற்போம். புத்தகம் அலமாரியிலேயே கிடந்தது. ஒருவரும் தொடவில்லை.

சரி, அவர்கள் எதைப் பரிந்துரை செய்தார்கள் என்று வெளியே இருந்த கரும்பலகையைப் பார்த்தேன். "வாசகர் பரிந்துரை" என்று போட்டு அடியில் எழுதியிருந்தது: தேனீ வளர்ப்பு. தென்னையைத் தாக்கும் நோய்கள். வீட்டுமனைச் சட்டம். ஏரியில் வலை போடுகிறவனுக்கு எதற்குத் தென்னை நோய்? நூலகர் பெண்ணுக்கும் அது புரியவில்லை. "எல்லாருக்கும் விவசாய ஆர்வம் ஜாஸ்திக்கா" என்றாள். வாட்ஸப் குழுவிலும் தேனீ புத்தகத்துக்கு ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எங்கள் ஊரில் ஏரியிலிருந்து வருகிறவனைப் பார்த்து "இன்னா மாட்டுச்சு?" என்று கேட்டால், தோணி நிறைய இறால் இருந்தாலும் "ஒண்ணுமில்ல, பாசிதான்" என்பான். அப்பன் கேட்டாலும் அதே பதில்தான். உண்மையைச் சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் ஊர்ப்பட்ட வலை விழும். பிறந்ததிலிருந்து இப்படிப் பேசுகிறவர்களைக் கூட்டி உட்கார வைத்து, நல்ல புத்தகம் எது, சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்வார்கள்? நல்லதை மறைத்துவிட்டுத் தேனீயைக் காட்டியிருக்கிறார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒவ்வொருத்தனும் தனியாக, தான் மட்டும்தான் செய்கிறோம் என்று நினைத்துச் செய்திருக்கிறான்.

இதில் நிஜமாக ஏமாந்தவர் விவசாயி மட்டும். நிலத்துக்கு வரப்பு இருக்கிறது, நெல் நன்றாக விளைந்தது என்று சொன்னால் யாரும் இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. அதனால் அவருக்கு இந்தப் புத்தி கிடையாது. பலகையை நம்பித் தேனீ புத்தகத்தை வரி விடாமல் படித்து, பெட்டி வாங்கி வைத்து, தேனே எடுத்துவிட்டார். ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொழுந்தன் கையில் கொடுத்து, "எல்லாம் நீங்க சொன்ன புக்குதான் தம்பி" என்றார். கொழுந்தன் முழித்த முழி இருக்கிறதே, அதைப் பார்க்க அரை நாள் வியாபாரத்தை விடலாம்.

அடுத்த கூட்டத்தில் நான் கத்தவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, உங்க கதவுப் புக்கு?" என்று நூலகர் பெண் கேட்டாள்.

"அதுவா? மறுபடி பாத்தேன். ஒண்ணுமில்ல. பாசி" என்றேன். சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்து முடிந்தேன்.

ஒருத்தர் காலைச் சொறிந்தார். கொழுந்தன் "அப்பிடியா?" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான். போன மாதம் கூரை பறக்கக் கத்தினவள் இப்போது வாயை மூடுகிறாள் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நான் டீ குடிக்கப் போய்வந்தேன். அலமாரியில் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பதிவேட்டில் யார் பெயரும் இல்லை.

வெற்றி என்று குதித்தேன். குதித்தது தப்பு. புத்தகத்தை எடுத்தவன் படிப்பான், சரி. படித்ததை என்னிடம் பேசுவானா? பேசினால், புத்தகம் அவனிடம் இருப்பது வெளியே வந்துவிடுமே! அடுத்த மாதக் கூட்டத்திலும் தென்னை நோய்தான் ஓடியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பாசி பிடித்த முகங்கள்.

ஆனால் ஊரில் என்னமோ நடந்தது. ஒருநாள் காலை தண்ணீர்க் குழாயில் ஒருத்தி புருஷனைப் பார்த்து, "ரொம்பப் பேசினா கதவைக் கழட்டிருவேன், பாத்துக்கோ" என்றாள். என் கையிலிருந்த குடம் நழுவியது.

"எங்கடி புடிச்ச இந்த வார்த்தைய?"

"சும்மா வாயில வந்துச்சுக்கா."

அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் கேட்டேன். பிறகு ஏலம் விடும் இடத்திலேயே கேட்டேன். பெண்கள் புருஷனைத் திட்டுகிற வார்த்தையே மாறிவிட்டது. எவளைக் கேட்டாலும் சும்மா வந்ததாம். சும்மா வருமா? கதை வீடு வீடாகப் போகிறது, எனக்கு மட்டும் வாசல் திறக்கவில்லை. புத்தகத்தை முதலில் பிடித்தவள் நான். இரவில் படுத்தால், அவள் பாலத்தடியில் கதவைப் போர்த்திக்கொண்டு படுத்த இடம் ஞாபகம் வரும். அது சரியா, பிறந்த ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்கு அவள் ஆள் அனுப்பியிருக்கக் கூடாதா என்று யாரிடம் கேட்பேன்? தகரக் கதவிடமா?

அப்போதுதான் நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். அலமாரிகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினார்கள். முன்வாசல் கதவு பழசாகி உளுத்துப் போயிருந்தது. அதைக் கழற்றி வெளியே சாத்திவிட்டுப் புதுசு மாட்டினார்கள். சுண்ணாம்பு காய்ந்த மறுநாள் நான் நூலகத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பசியாவரத்துக்காரர் ஒருவர் வந்தார். வாசலில் நின்றார். ஒரு கண்ணை மூடினார். மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னல் கம்பியைப் பார்த்தார், கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார், மறுபடி பார்த்தார். நேராக நடந்து போய்ப் புத்தக வரிசைக்குப் பின்னால் கையை விட்டார். ஒன்றும் கிடைக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஏரியில் இடத்துக்குப் பலகையா வைத்திருக்கிறது? கரையில் தெரிகிற இரண்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கலங்கரை விளக்கமும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வந்தால் அங்கே வலையை இறக்கு, அப்படி. ஒருத்தன் ஒளித்து வைத்ததை இன்னொருத்தன் கண்டுபிடித்து, படித்துவிட்டு அங்கேயே ஒளித்து வைக்க, புத்தகத்தையும் ஆளாளுக்கு அப்படித்தான் குறித்து வைத்திருந்தார்கள். அலமாரி நகர்ந்ததும் எல்லாக் குறியும் போயிற்று.

சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார். ஒரு கண். மின்விசிறி. ஜன்னல். பிறகு இன்னொருவர். நூலகர் பெண் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்துவிட்டாள். கடைசியில் கொழுந்தன் வந்தான். கண்ணை மூடிக் கோடு பிடித்து நடந்து, கையை விட்டு ஒரு புத்தகத்தை உருவினான். சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல்.

"இன்னாடா, சக்கரையா ஒனக்கு?"

திரும்பிப் பார்த்தவன் ஆடிப்போனான். "எனக்கு இல்ல அண்ணி. அம்மாவுக்கு."

"ஒங்கம்மா போய்ச் சேந்து எத்தினி வருசமாச்சு? சொர்க்கத்துல சக்கரையா?"

புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். நானும் நூலகர் பெண்ணும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினோம். பிறகு இருவருமாகத் தேடினோம். சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால், மறந்துபோன ஒரு அகராதியின் அட்டைக்குள் இருந்தது. பக்கங்களுக்கு நடுவில் அடையாளத்துக்கு ஒவ்வொருத்தரும் ஒன்று வைத்திருந்தார்கள். நைலான் வலைத் துண்டு, பஸ் டிக்கெட், காய்ந்த இறால் ஓடு, விவசாயியின் நெற்கதிர்கூட. இத்தனை பேர்! ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. வந்த கோபம் போகவில்லை.

அந்த ஞாயிறு கூட்டத்தில், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்தேன்.

"கதவுக் கதைய நீங்க யாரும் படிக்கல. நானே சொல்லிடறேன். அவ ஆத்துல எறங்கறா. கதவு முழுவிடுது. அவளும் போயிட்டா. அவ்ளோதான்."

கொழுந்தனின் கால் ஆட ஆரம்பித்தது. பசியாவரத்துக்காரர் தொண்டையைச் செருமினார்.

"புருசன்காரன் ஓடியாந்து பொணத்தை மடியில போட்டுகினு அழுவறான். பாவம், தங்கமான மனுசன்."

"யாரு தங்கம்? அந்தக் கஸ்மாலமா?" கொழுந்தன் நாற்காலி பின்னால் விழ எழுந்தான். "அவ எங்க அண்ணி முழுவினா? கதவு மேல குப்புற படுத்து, கையையே துடுப்பா போட்டு அக்கரை ஏறலையா? நீ இன்னா படிச்ச?"

"ஐயோ, நான் இன்னும் ஆத்துக்கே வரலைங்க! சொல்லாதீங்க!" என்று விவசாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அணை உடைந்த மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தப் போலீஸ்காரனை என்ன செய்ய வேண்டும் என்று ஒருத்தர். அவளுடைய அண்ணிக்காரி கஞ்சி ஊற்றிய இடத்தில் தான் அழவில்லை, கண்ணில் தூசி என்று ஒருத்தர். அதற்குள் படித்துவிட்டிருந்த நூலகர் பெண்ணும் மேசைமேல் தட்டித் தட்டிப் பேசினாள். எனக்கு ரெக்கை முளைத்த மாதிரி இருந்தது.

அப்போது பசியாவரத்துக்காரர் கேட்டார்: "எல்லாம் சரி. வேப்பங்கதவு ஆளோட மெதக்குமா?"

போயிற்று. மிதக்கும் என்று பாதிப் பேர், மிதக்காது என்று பாதிப் பேர். "காஞ்ச மரம், மெதக்கும்." "ரெண்டு நாள் மழையில ஊறியிருந்துச்சு, எப்பிடி மெதக்கும்?" வெளியே சாத்தியிருந்த பழைய நூலகக் கதவு கொழுந்தன் கண்ணில் பட்டது. நூலகர் பெண் "ஐயோ, அது கவர்மென்ட் கதவு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். ஆறு ஆம்பளைகள் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓட, டீக்கடையிலிருந்து ஒருத்தர், "இன்னா வெல?" என்றார். காதைப் பொத்தியிருந்த விவசாயி உட்பட எல்லோரும் சிரித்ததில் கதவே கீழே விழப் பார்த்தது.

ஏரியில் இறக்கினார்கள். கொழுந்தன் குப்புறப் படுத்தான். மிதந்தது! "பாத்தியா!" என்று கையைத் தூக்கினான். கையைத் தூக்கியதும் கவிழ்ந்தது. தலையில் உண்மையான பாசியோடு எழுந்து நின்றான். கரையில் விசில் பறந்தது.

நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஆனாலும் வீட்டுக்கு நடக்கும்போது எரிச்சலாக இருந்தது. மரம் மிதக்குமா என்று பார்த்தார்களே, அவள் மனசு என்ன பாடுபட்டது என்று ஒருத்தனாவது கேட்டானா? கடைசிப் பக்கத்தில் அண்ணன் அவளைச் சேர்க்கவில்லை. அவள் புறம்போக்கில் இரண்டு கொம்பை நட்டு, அந்தக் கதவைக் கட்டி நிறுத்துகிறாள். சுவர் இல்லை, கூரை இல்லை. திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். அதைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. இவ்வளவு ஆட்டம் ஆடியும் எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை.

மறுநாள் மார்க்கெட்டில் உட்கார்ந்து நண்டுக் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அவ பைத்தியக்காரிக்கா."

"எவ?"

"கதவுக்காரிதான். கதவு மாட்டற நெலைச் சட்டத்த வுட்டுட்டு வந்துட்டா."

கயிறு என் கையிலேயே நின்றது. "நீ படிச்சியா?"

"எங்க வூட்டாளு சட்டைக்குள்ள சொருவிகினு வருவான், மொட்டை மாடியில படிப்பான். அவன் தொழிலுக்குப் போனா நான் படிப்பேன். அத வுடு. கதவு அவ காசுன்னா நெலையும் அவ காசுதான? அதப் பேத்துகினு வந்திருக்க வேணாம்? இப்ப இன்னா ஆவும்? அந்த நெலைக்கு அவன் இன்னொரு கதவு மாட்டுவான். இன்னொருத்தி உள்ள வருவா. அவ மூஞ்சிலயும் அடைப்பான்."

நான் அழுது அழுது படித்த கதையில் இது எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் தலைக்கேறியது. எனக்குத் தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றலாம்?

"நெலைய எப்பிடிடி தூக்குவா? தலையில கதவு, இடுப்புல நெலையா? வர்ற எவளுக்கோ இவ எதுக்கு மாரடிக்கணும்?"

"அப்ப வாசலையாவது செங்கல் வெச்சி அடைச்சிட்டு வந்திருக்கணும். சூளைக்காரிதான?"

"அடைச்சிகினு நின்னா அவன் வந்துருவான்டி!"

"வரட்டுமே! கதவைக் கழட்டத் தெரிஞ்சவளுக்கு அவன் கையைத் திருப்பத் தெரியாதா?"

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். சண்டை என்று நினைத்துச் சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. இவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து இவளோடு இடத்துக்காக, தராசுக்காக, தண்ணீருக்காக எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். இப்படி இனிப்பாக ஒரு தடவையும் கத்தியதில்லை. கட்டாத நண்டு இரண்டு கூடையை விட்டு இறங்கி நடையைக் கட்டின. யாரும் பிடிக்கவில்லை.

பொன்னேரிப் பக்கத்து ஆள் ஒருவர் பையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "நண்டு கிலோ எவ்ளோம்மா?" என்றார்.

"அத அப்பறம் பாக்கலாம். நீ சொல்லு சார்" என்று அவர் கையைப் பிடித்தேன். "புருசன் வூட்டை வுட்டுப் போறவ கதவை மட்டும் எடுத்துகினு போவணுமா, நெலையும் பேத்துகினு போவணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம்.